பொட்டலம் பிடிக்கும் யந்திரமும் பூட்டாத கதவும்

வாசற்கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, அதை நான்கு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகின்ற மனிதர்கள், தங்கள் வியாபாரக் கணக்கு, சரக்கு விவரம், தங்களிடம் வேலை செய்கின்றவர்களின் ஆதார் எண், பாங்கிக் கணக்கு, போன் நம்பர் ஆகிய சகலமும் அடங்கிய ஒரு யந்திரத்தை, உலகத்தார் யாவரும் வந்து போகக்கூடிய நடுத்தெருவில் நிறுத்தி வைத்து, அதன் பக்கத்திலேயே வருகின்ற பேச்சு, போகின்ற பேச்சு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டிருக்கும்படி ஒரு கணக்கப்பிள்ளையையும் உட்கார வைத்து, அவன் எழுதும் நோட்டை மூடாமல் திண்ணையிலேயே போட்டுவிட்டு, “எங்களுக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகின்றது?” என்று கேட்பார்களேயானால், அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்லுவது? இது கற்பனையல்ல. சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் இன்டர்நெட்டோடு இணைந்த சர்வர் வைத்துத் தொழில் செய்கின்ற பல இடங்களில் இன்று நடப்பது இதுதான். நாம் கண்ணால் கண்ட ஒரு இடத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதுகின்றோம்.

முதலில் விஷயம் இன்னதென்று விளங்க வேண்டும். கம்ப்யூட்டர் சங்கதி என்றதும், அது படித்தவர்களுக்குள்ள காரியம், நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடுகின்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நாமும் அந்தப் படிப்புப் படித்துப் பட்டம் வாங்கினவர்களல்ல. பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய இரண்டு நூல்களும், நண்பர் ஒருவர் வேண்டாமென்று கொடுத்த லேப்டாப்பும், விடாமல் கேட்ட கேள்விகளுமே நமக்கு வாத்தியார்கள். மந்திரம் சமஸ்கிருதத்தில் இருப்பதால் அர்த்தம் கேட்கக்கூடாது என்று ஒரு கூட்டம் நம்மை ஏய்த்தது போலவே, யந்திரம் இங்கிலீஷில் இருப்பதால் அர்த்தம் கேட்கக்கூடாது என்று இன்னொரு கூட்டம் ஏய்க்கின்றது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கேட்பது.

நாமக்கல்லிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பெரிய சரக்கை அனுப்புகின்றோமென்றால் அதை மூட்டை மூட்டையாகக் கட்டுகின்றோம். அனுப்புகின்றவர் யார், வாங்குகின்றவர் யார், எத்தனையாவது மூட்டை என்று மேலே எழுதுகின்றோம். இன்டர்நெட்டிலும் அப்படியே. நாம் அனுப்பும் கடிதமோ படமோ பணக்கட்டளையோ முழுசாகப் போவதில்லை. சாதாரணமாக 1,500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொட்டலங்களாக உடைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலுறையில் விலாசம் எழுதப்பட்டுப் போகின்றது. இதற்குத்தான் பாக்கெட் என்று பெயர். வழியில் ஒரு செக்போஸ்ட்டில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, லாரியையும் நிறுத்தாமல், மூட்டையையும் கிழிக்காமல், உள்ளே இருப்பதை அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுகின்றான் என்றும், அனுப்பினவருக்கும் தெரியாது, வாங்குகின்றவருக்கும் தெரியாது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் பாக்கெட் கேப்சர். நாம் பொட்டலம் பிடிப்பது என்று சொல்லுவோம்.

இது புதிதாக முளைத்த வித்தையல்ல. டிசிபிடம்ப் என்ற கருவி அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சி சாலையில் 1988-இல் பிறந்தது. ஈத்தரியல் என்று 1998-இல் வெளிவந்து, 2006-இல் வயர்ஷார்க் என்று பெயர் மாறின கருவியை இன்று கல்லூரிப் பிள்ளைகள்கூட உபயோகிக்கின்றார்கள். இவற்றின் மேல் நமக்கு யாதொரு விரோதமும் இல்லை. வைத்தியன் காதில் மாட்டும் குழாயைப் போல, யந்திரத்துக்கு எங்கே வலி என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் நெட்வொர்க் கோளாறைத் தீர்க்க முயலுவது நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பதாகும். ஆனால் வைத்தியன் குழாயை நோயாளியின் நெஞ்சிலேயே தைத்துவிட்டு, மறுமுனையைத் தெருவில் தொங்கவிட்டுப் போவானா?

நாம் சொன்ன ஆபீசில் நடந்தது அதுவே. அது நாமக்கல் பக்கத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். பெயர் சொல்லப்போவதில்லை, சொன்னால், “நல்லவேளை, அது நம் ஆபீஸ் அல்ல” என்று மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். அங்கே லோடு எழுதும் சாஃப்ட்வேர் மெதுவாக ஓடுகின்றது என்று சொல்லி, அதை விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன். சர்வரில் பொட்டலம் பிடிக்கும் கருவியை ஓட்டி, அரைமணி நேரத்தில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டான். பெயரை விலாசமாக மாற்றிக் கொடுக்கும் சர்வர் தவறாகக் குறிக்கப்பட்டிருந்ததாம். சரி செய்தான், டீ குடித்தான், பஸ் ஏறினான். ஓட்டிவிட்ட கருவியை நிறுத்த மறந்தான். பிடித்த பொட்டலங்களைத் தன் வீட்டிலிருந்தே இறக்கிப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, ஆபீசின் வெப்சைட்டுப் படங்கள் இருக்கும் அதே பெட்டிக்குள் ‘டெஸ்ட்’ என்ற பெயரில் எழுதும்படியும் செய்திருந்தான். அதாவது அந்தப் பெயரை ஊகிக்கக்கூடிய எவனும், பூமியில் எந்த மூலையிலிருந்தும், கடவுச்சொல் எதுவும் இன்றி அதை எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் சர்வர் படுத்துவிட்டது. டிஸ்க் நிரம்பிவிட்டது. அதனால்தான் விஷயமே வெளிவந்தது. டிஸ்க் இன்னும் பெரியதாக இருந்திருந்தால் இன்றைக்கும் எழுதிக்கொண்டேயிருக்கும்.

முதலாளி நமக்குப் பழக்கமானவர். கூப்பிட்டனுப்பினார். அவர் கூட இருக்கவே அந்த நோட்டைத் திறந்து பார்த்தோம். ஆபீஸ் ஈமெயில்களின் கடவுச்சொற்கள் அப்படி அப்படியே எழுத்தில் கிடந்தன. அவர்கள் மெயில் எடுத்தது மூடாத பழைய வழியில். எந்த லாரி எந்தத் தேதியில் என்ன சரக்கோடு எந்த ரோட்டில் போகின்றது என்பது கிடந்தது. ஓட்டுநர்களின் லைசென்ஸ் நம்பர், பாங்கிக் கணக்கு, வீட்டு விலாசம் கிடந்தன. அல்லாமலும், ஒரு ஓட்டுநர் தம் மனைவியின் ஆபரேஷனுக்காக முன்பணம் கேட்டு போனிலிருந்து முதலாளிக்கு அனுப்பியிருந்த விண்ணப்பம், என்ன நோய் என்பது உள்பட, முழுவதும் கிடந்தது. அதைப் படித்ததும் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாமும் மூடிவிட்டோம். அந்த மனிதர் தம் கஷ்டத்தை முதலாளி ஒருவருக்குச் சொன்னாரே ஒழிய ஊருக்குச் சொல்லவில்லை.

“யாராவது இதை எடுத்துப் போயிருப்பார்களா?” என்று கேட்டோம். வெப்சைட்டுக்கு யார் வந்தார்கள் என்ற பதிவேடு முப்பது நாளைக்கு மேல் வைக்கப்படவில்லை. முதல் மூன்று மாதம் இருட்டு.

அப்போது முதலாளி சொன்ன வார்த்தைதான் நம்மை இதை எழுத வைத்தது. “நம்மளயப் போயி யாருங்கண்ணா தேடி வரப் போறாங்க? நாம என்ன பாங்கியா வெச்சிருக்கறோம்?” என்றார். இந்த ஒரு எண்ணம் நம் பக்கத்துச் சிறு தொழில்காரர் எல்லோரிடத்திலும் வேரூன்றிக் கிடக்கின்றது. விசைத்தறிக்காரர், ரிக் வண்டிக்காரர், கோழிப்பண்ணைக்காரர், வெள்ளிப் பட்டறைக்காரர் எல்லோரும் இதையே சொல்லுகின்றார்கள். திருடன் பெயர் கேட்டு, ஊர் விசாரித்து, பஸ் பிடித்து வருகின்றான் என்று இவர்கள் நினைக்கின்றார்கள். இன்டர்நெட்டில் திருடன் வருவதேயில்லை. அவன் யந்திரம் வருகின்றது. அது பெயர் கேட்பதில்லை. எல்லாக் கதவையும் தட்டுகின்றது. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலைக்காரர்கள் 2013-இல் ஜீமேப் என்ற ஒரு கருவியை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டர், நல்ல வேகமான இணைப்போடு, உலகத்தின் பழைய முறை இன்டர்நெட் விலாசங்கள் அனைத்தையும் ஒரு சுற்றுத் தட்டிப் பார்க்க 45 நிமிஷத்துக்கும் குறைவாகவே பிடிக்கும் என்று காட்டினார்கள். அந்தச் சுற்றில் நாமக்கல்லும் உண்டு.

இதற்கு அத்தாட்சி வேண்டுமா? லாத்வியா தேசத்து மைக்ரோடிக் கம்பெனியின் ரவுட்டர்கள் நம் நாட்டில் சிறு கேபிள் இன்டர்நெட்காரர்கள் கையில் ஏராளமாகப் புழங்குகின்றவை. விலை குறைவு, வேலை நன்றாகச் செய்யும், குற்றம் சொல்வதற்கில்லை. அவற்றுக்குள்ளேயே பொட்டலம் பிடிக்கும் வசதி ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது. பிடித்ததை வேறு ஒரு விலாசத்துக்கு ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும்படியும் அதற்குக் கட்டளையிடலாம். 2018-ஆம் வருஷம் அந்த ரவுட்டர்களின் நிர்வாகக் கதவில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கம்பெனி ஏப்ரல் மாதத்திலேயே அதை அடைத்துப் புதிய பதிப்பு வெளியிட்டுவிட்டது. ஆனால் வாங்கினவர்கள் போட்டுக்கொள்ள வேண்டுமே! அவ்வருஷம் செப்டம்பரில் சீனாவின் நெட்லேப் ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணிப் பார்த்தபோது, சுமார் 3,70,000 ரவுட்டர்கள் இன்னும் ஓட்டையோடேயே இருந்தன. அவற்றில் 7,500-க்கு மேற்பட்டவை, தங்கள் சொந்தக்காரரின் போக்குவரத்தை நகலெடுத்து, முன்பின் தெரியாத யாரோ ஒருவனுடைய விலாசத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ருஷியாவில் 1,628, ஈரானில் 637, பிரேசிலில் 615, நம் இந்தியாவில் 594. மெயில் போகும் வழியும், ஃபைல் அனுப்பும் பழைய வழியும்தான் முக்கியமாக ஒட்டுக் கேட்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், திருடன் ஒட்டுக் கேட்கும் கருவி எதையும் கொண்டுவரவில்லை. அது சொந்தக்காரன் விலை கொடுத்து வாங்கின ரவுட்டருக்குள்ளேயே தயாராக இருந்தது. திருடன் செய்ததெல்லாம் ‘போடு’ என்று சொன்னதுதான்.

இந்தப் பக்கத்துக் கேபிள் கடை ஒன்றில் அதே ஜாதி ரவுட்டரைப் பார்த்தோம். ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் அதன் தலையில் காய்ந்து கிடந்தன. புதுப்பித்தது எப்போது என்று கேட்டோம். வருஷாவருஷம் பொட்டு மட்டும் புதுப்பிக்கப்பட்டு வருவதாகத் தெரிந்தது!

நிற்க. “இப்போது எல்லாம் எச்.டி.டி.பி.எஸ். ஆகிவிட்டதே, பூட்டுப் படம் தெரிகின்றதே, பொட்டலத்தைப் பிடித்தாலும் உள்ளே என்ன தெரியும்?” என்று படித்த தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இதைச் சோதித்தே பார்த்துவிடுவோம் என்று ராசிபுரம் பக்கத்தில் ஒரு படிப்பகத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், நம்முடைய சொந்த யந்திரங்கள் இரண்டை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் முன்னிலையில் செய்து காட்டினோம். மற்றவர் போக்குவரத்தை அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். அதனால் எல்லாம் நம்முடையதே. முதலில் பூட்டில்லாத பக்கத்தில் ஒரு தோழர் கடவுச்சொல்லை அடித்தார். மறு யந்திரத்தில் அது எழுத்து எழுத்தாக வந்து விழுந்தது. தறி ஓட்டும் தோழர் ஒருவர் எழுந்து வந்து திரையைத் தொட்டே பார்த்தார். பிறகு பூட்டுள்ள பக்கத்தில் அடித்தார், கிறுக்கல்தான் வந்தது. ஆனால் எந்தப் பக்கத்துக்குப் போகின்றார் என்ற பெயர் மட்டும் அப்போதும் தெளிவாகத் தெரிந்தது. “அப்போ ராத்திரி ஒருத்தர் எந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தைப் பாக்கறாருன்னு தெரிஞ்சுக்கலாங்களா?” என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார். தெரிந்துகொள்ளலாம். பல இடங்களில் உறையின் மேலே உள்ள பெயரே போதும், உள்ளே என்ன எழுதியிருக்கின்றது என்று ஊகிக்க.

இன்னொன்று. பூட்டு என்பது வழிக்குத்தான், வீட்டுக்குள்ளே அல்ல. சர்வருக்கு வந்த பொட்டலத்தைச் சர்வர் பிரித்துத்தானே ஆக வேண்டும்? பல ஸ்தாபனங்களில் முன்னால் ஒரு சர்வர் பூட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் மற்றொரு சர்வருக்குத் திறந்தபடியே அனுப்புகின்றது. உள்ளுக்குள்தானே என்ற அலட்சியம். பொட்டலம் பிடிக்கும் கருவி அந்த உள்வழியில் வைக்கப்பட்டிருந்தால் வெளியே உள்ள பூட்டெல்லாம் அலங்காரமே. அமெரிக்காவில் ஹார்ட்லேண்ட் என்ற கார்டுப் பணம் கைமாற்றும் கம்பெனிக்குள் திருடர்கள் புகுந்து, உள்வழியில் இப்படி ஒரு காதை வைத்துக் கோடிக்கணக்கான கார்டு நம்பர்களைப் பிடித்தார்கள். விஷயம் 2009 ஜனவரியில் வெளியாயிற்று. தலைவனாகிய ஆல்பர்ட் கொன்சாலெஸ் என்பவனுக்கு 2010-இல் 20 வருஷ சிறைத் தண்டனை கிடைத்தது.

அன்றியும், கேட்கின்ற காதுக்கே நோய் வருவதுண்டு. பொட்டலத்தைப் பிடித்தால் மாத்திரம் போதாது. பிரித்து அர்த்தம் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான பாஷைகளுக்கு அர்த்தம் சொல்லும் ஒரு பெரிய புரோகிராம் அதற்கு வேண்டியிருக்கின்றது. யாரோ அந்நியன் அனுப்பும் பொட்டலத்தை அது வாங்கிப் பிரிக்கின்றது. பொட்டலத்துக்குள் விஷம் வைத்திருந்தால்? 2004 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். ஐ.எஸ்.எஸ். என்ற பாதுகாப்புக் கம்பெனியின் காவற்கருவிகள் பொட்டலத்தைப் பிரிக்கும் இடத்தில் ஒரு பிழை இருப்பது வெளியாயிற்று. மறுநாளே ‘விட்டி’ என்ற புழு புறப்பட்டது. சுமார் 12,000 கம்ப்யூட்டர்களில் புகுந்து, டிஸ்க்குகளில் கண்ட இடத்திலெல்லாம் கிறுக்கி அழித்தது. அந்தக் கம்ப்யூட்டர்களின் சொந்தக்காரர்கள் அஜாக்கிரதையானவர்களா என்றால், இல்லை. பணம் கொடுத்துக் காவல்காரனை வைத்தவர்கள். காவல்காரன் வழியாகவே திருடன் வந்தான். இதனால்தான் வயர்ஷார்க் செய்தவர்களே, சர்வாதிகாரமுள்ள ‘ரூட்’ கணக்கில் அதை ஓட்டாதீர்கள் என்று சொல்லி, பிடிக்கின்ற வேலையை ஒரு சின்னப் புரோகிராமுக்கும், பிரிக்கின்ற வேலையை அதிகாரமில்லாத வேறொன்றுக்கும் பிரித்து வைத்திருக்கின்றார்கள். செய்தவனே எச்சரிக்கின்றான், நம் பக்கத்தில் ஓட்டுகின்றவன் கேட்பதில்லை.

டிசிபிடம்ப் பழைய நாளில் ஒவ்வொரு பொட்டலத்திலும் முதல் 68 பைட்டை மாத்திரம் எடுக்கும், பெரும்பாலும் மேலுறை. இன்று ஒன்றும் சொல்லாமல் ஓட்டினால் 2,62,144 பைட் வரை, அதாவது பொட்டலம் முழுவதையும், விழுங்குகின்றது. சௌகரியத்துக்காகச் செய்த மாறுதல்தான். ஆனால் ‘கேட்காவிட்டால் விலாசம் மட்டும்’ என்றிருந்தது ‘கேட்காவிட்டால் எல்லாம்’ என்று ஆனதை நாம் முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

உபயோகிக்காமல் கிடக்கும் வசதிதானே, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்க்கு கிரீஸ் தேசத்துக் கதை ஒன்று உண்டு. அங்கே வோடபோன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சுகளில், சர்க்கார் உத்தரவின் பேரில் ஒட்டுக் கேட்பதற்கான சாஃப்ட்வேர், புதுப்பிப்போடு சேர்ந்து வந்து இறங்கியிருந்தது. அதை நடத்துவதற்கான பகுதியைக் கம்பெனி விலைக்கு வாங்கவேயில்லை; ஆகவே தங்களுக்கு அப்படி ஒரு வசதி இல்லை என்றே நினைத்திருந்தார்கள். 2004-இல் யாரோ உள்ளே புகுந்து அந்தத் தூங்குகின்ற காதை எழுப்பிவிட்டார்கள். பிரதம மந்திரி கோஸ்டாஸ் கரமன்லிஸ் உள்பட நூற்றுக்கு மேற்பட்டவர்களின் போன் 2005 மார்ச் வரையில் கேட்கப்பட்டது. ஒரு நாட்டின் பிரதம மந்திரிக்கே இந்தக் கதி என்றால் நாமக்கல் லாரி ஓட்டுநருக்கு யார் காவல்?

இது பழங்கதை என்பாருக்கும் பதில் இருக்கின்றது. 2024-இல் சீனத்து உளவாளிகள் என்று சொல்லப்படும் ‘சால்ட் டைஃபூன்’ கூட்டத்தார் அமெரிக்க டெலிபோன் கம்பெனிகளுக்குள் புகுந்து, கோர்ட்டு உத்தரவின் பேரில் கேட்கப்படும் விவரங்கள் சிலவற்றையே எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அந்நாட்டு அதிகாரிகள் நவம்பரில் ஒப்புக்கொண்டார்கள். 2025 ஆகஸ்டில் பல நாட்டுப் பாதுகாப்பு ஸ்தாபனங்கள் சேர்ந்து வெளியிட்ட எச்சரிக்கையில், இக்கூட்டத்தார் ரவுட்டர்களில் உள்ள சொந்தப் பொட்டலப் பிடிப்பு வசதியையே உபயோகித்து, நிர்வாகிகள் உள்ளே நுழையும்போது அடிக்கும் கடவுச்சொல் போகும் வழியைப் பிடித்தார்கள் என்று விளக்கியிருக்கின்றது. சாவிக்கொத்தைத் திருட வேண்டியதில்லை. சாவி போடுகின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

நம் சர்க்கார் சட்டம் இதில் என்ன சொல்லுகின்றது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவின்படி ஒருவர் போக்குவரத்தைச் சர்க்கார் பிடித்துப் பார்க்க வேண்டுமானால், 2009-ஆம் வருஷத்து விதிகளின்படி உள்துறைச் செயலாளர் எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவுகளைப் பரிசீலிக்க ஒரு கமிட்டி இரண்டு மாதத்துக்கொரு முறை கூட வேண்டும். 2018 டிசம்பர் 20-இல் பத்து ஸ்தாபனங்களுக்கு இந்த அதிகாரத்தைக் குறித்து வெளியான உத்தரவின் மேல் நமக்குப் பலமான ஆட்சேபணைகள் உண்டு; அதைத் தனியாக எழுத வேண்டும். இப்போது கேட்பது வேறு. சர்க்காருக்கே ஒரு செயலாளர் கையெழுத்து வேண்டுமென்றிருக்க, சாஃப்ட்வேர் கம்பெனிப் பையனுக்கு மாத்திரம் டீயும் பஸ் சார்ஜும் போதுமா? ஒரு மனிதனின் அந்தரங்கம் அவனுடைய அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது ஜட்ஜுகள் 2017 ஆகஸ்ட் 24-இல் ஏகமனதாகச் சொன்னது டில்லிக்காரனுக்கு மட்டுமல்லவே.

அந்தச் சாஃப்ட்வேர் கம்பெனியாரைக் கேட்டதற்கு, “சர்க்கார் 180 நாள் பதிவு வைக்கச் சொல்லியிருக்கின்றது, அதனால் ஓடினது நல்லதே” என்று சமாதானம் சொன்னார்கள். இது சுத்த ஏமாற்று. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் என்ற மத்திய சர்க்கார் ஸ்தாபனம் 180 நாள் வைக்கச் சொன்னது பதிவேடுகளை: யார் வந்தார், எப்போது வந்தார் என்ற லாகுகளை. வந்தவர் பையில் என்ன இருந்தது என்று நகல் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. வைக்க வேண்டிய வருகைப் பதிவை முப்பது நாளில் அழித்துவிட்டு, வைக்கக் கூடாத உள்ளடக்கத்தை நான்கு மாதம் சேர்த்துவிட்டு, சட்டத்தின் பேரைச் சொல்லுகின்றார்கள். அதே உத்தரவு இப்படிப்பட்ட கசிவு தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லுகின்றது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? ஒன்றும் பெரிய வித்தையல்ல. கருவியை இன்டர்நெட்டுக்கு முகம் காட்டும் சர்வரில் நிரந்தரமாக வைக்கவே கூடாது. வேண்டும்போது ஏற்றி, வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். ஓட்டினால் இத்தனை நிமிஷம், இத்தனை அளவு என்று முதலிலேயே கட்டளையிட்டு ஓட்டலாம், தானாகவே நின்றுவிடும். கோளாறு எந்த வழியில் என்று தெரிந்தால் அந்த வழியை மாத்திரம் பிடிக்கலாம். மேலுறை போதுமென்றால் மேலுறையோடு நிறுத்தலாம். பிடித்த நோட்டை வெப்சைட்டுப் பெட்டிக்குள் வைப்பவனை இரண்டாம் தடவை ஆபீசுக்குள் விடக்கூடாது. தூரத்திலிருந்து பொட்டலம் பிடிக்க உதவும் ஆர்பிகேப்டி என்ற சாதனத்தைக் கடவுச்சொல்லே இல்லாமல் ஓட்டவும் வழியிருக்கின்றது. சோம்பேறிகள் அப்படித்தான் ஓட்டுவார்கள். யாராவது ஓட்டியிருக்கின்றார்களா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வெளி உலகத்துக்குத் தெரியவேண்டிய அவசியம் யாதொன்றுமில்லை. இவையெல்லாவற்றையும்விட முக்கியம், சர்வர் பக்கத்தில் இரண்டு ரூபாய் பென்சிலோடு ஒரு நோட்டு: யார் ஓட்டினார், எதற்கு, எப்போது நிறுத்தினார், பிடித்ததை எப்போது அழித்தார், பார்த்த சாட்சி யார். லாரிக்கு டீசல் போட்டால் எழுதுகின்றவர்களுக்கு இதை எழுதத் தெரியாதா?

இவ்வளவையும் நம் நண்பராகிய முதலாளி ஒப்புக்கொண்டார். நோட்டும் போட்டுவிட்டார். கடவுச்சொற்களையெல்லாம் மாற்றினார். ஆனால் ஒரு விஷயத்தில் மாத்திரம் நமக்கும் அவருக்கும் தகராறு. “ஓட்டுநர்களுக்குச் சொன்னீர்களா?” என்று கேட்டோம். சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்களாம், பெயர் கெட்டுவிடுமாம். 2023-இல் நிறைவேறின தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கசிவினால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அறிவிக்க வேண்டும், காவல் குறைவுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு என்று எடுத்துக் காட்டினோம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாதம் தவணை இருக்கின்றது என்று அவர் வக்கீல் சொல்லிவிட்டாராம். வக்கீல் சொன்னது உண்மைதான்.

மறைப்பது பெரிய இடத்துப் பழக்கம். 2019 அக்டோபர் 29-இல் கூடங்குளம் அணு மின் நிலையத்தார் தங்கள் நிலையத்தின் இயக்க யந்திரங்கள் மேல் சைபர் தாக்குதல் நடத்தவே முடியாது என்று அறிக்கை விட்டார்கள். மறுநாளே அணுமின் கழகத்தார், நிர்வாக வேலைக்கான இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டரில் கேடான புரோகிராம் இருந்தது உண்மை என்றும், செப்டம்பர் 4-ஆம் தேதியே விஷயம் தெரிய வந்தது என்றும் ஒப்புக்கொண்டார்கள். அணு உலைக்காரர்களுக்கே ஒரு நாளைக்கு மேல் தாங்காத மறைப்பு, லாரி ஆபீசுக்கு எத்தனை நாள் தாங்கும்?

நாம் முதலாளியிடம் சட்டத்தைப் பேசுவதை விட்டுவிட்டு இதைத்தான் கேட்டோம். அந்த ஓட்டுநருக்கு நாளைக்கு ஒரு போன் வரும். “உங்கள் சம்சாரம் ஆபரேஷனுக்குச் சர்க்கார் உதவித்தொகை வந்திருக்கின்றது, பாங்கிக் கணக்கு இன்னதுதானே, ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்” என்று கேட்பான். நோயின் பெயரும் சரியாக இருக்கும், கணக்கு நம்பரும் சரியாக இருக்கும். அவர் ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். நம்பாமல் என்ன செய்வார்? முன்னாலேயே, “உன் விவரம் வெளியில் போயிருக்கலாம், எவன் கேட்டாலும் சொல்லாதே” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்துக்கொள்ளுவார். பயந்துவிடுவார் என்று சொல்லாமல் விடுவதும், பாம்பு வீட்டுக்குள் இருக்கின்றது என்று தெரிந்தும் தூக்கம் கெடுமே என்று எழுப்பாமல் விடுவதும் ஒன்றுதான்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், “வர்ற சம்பளத்தன்னைக்கு எல்லாரும் வருவாங்க. அன்னைக்கே நேர்லயே சொல்லிப்போடறேனுங்க. நீங்களும் கூட இருந்தீங்கன்னா, கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லலாம்” என்றார். சம்பள நாள் ஐந்தாம் தேதி. நாம் போகின்றோம்.